பொட்டு வைக்காத நாற்பது

ஒரே ஒரு ஊரில், ராஜாவும் இல்லாமல் மந்திரியும் இல்லாமல், ஓர் ஆஸ்பத்திரி மட்டும் இருந்ததாம். எங்கள் வீட்டில் எதைச் சொன்னாலும் இப்படித்தான் தொடங்குவார்கள் அண்ணாச்சி. கேட்டுக் கேட்டு எனக்கும் வேறு மாதிரி ஆரம்பிக்க வராது. ஊர் என்றால் இந்தத் திருநெல்வேலிதான். ஆஸ்பத்திரி என்றால் அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம், நீங்கள் இப்போது மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தீர்களே, அதேதான். அங்கே மருந்து ஸ்டோரில் நான்கு வருஷமாக வேலை பார்க்கிறேன். பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமோ என்னவோ, மூன்று மணிக்குத் தெரியும்.

அந்த அட்டை இரண்டையும் இப்படிக் கொடுங்க. ரொம்ப நேரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம், அட்டையும் ஒரே நிறம். ஒன்று பிரஷருக்கு, காலையில் போட வேண்டியது. இன்னொன்று கொழுப்புக்கு, ராத்திரி. இருங்க, பேனா இருக்கு. காலை அட்டையில் ஒரு பொட்டு வைக்கிறேன் பாருங்க, இந்த மூலையில். பொட்டு இருந்தால் காலை, இல்லாவிட்டால் ராத்திரி. முடிந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இதைத்தான் அங்கேயும் செய்தேன். அதற்குத்தான் இவ்வளவும்.

அம்பாசமுத்திரம் பஸ் இப்போதைக்கு வராது, இரண்டே முக்கால் ஆகும். உட்காருங்க. நான் சத்தமாகப் பேசுகிறவன் இல்லை, கொஞ்சம் பக்கத்தில் வாங்க. எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர் சங்கரநயினார் சார் கேலி செய்வார், “பேரு பேச்சிமுத்து, பேச்சு மட்டும் வாயை விட்டு வெளிய வராது”ன்னு. நல்ல மனுஷன். அவரைப் பற்றியும் சொல்கிறேன்.

எங்களிடம் இரண்டு மருந்து உண்டு. இரண்டுமே விரல் நீளப் பிளாஸ்டிக் குப்பி, ஆம்பூல் என்போம். இரண்டும் பத்து மில்லி, இரண்டிலும் இருப்பது தண்ணீர் மாதிரித்தான் தெரியும். ஒன்று நிஜமாகவே தண்ணீர். சுத்தமான தண்ணீர், பவுடராக வருகிற ஊசி மருந்தைக் கரைப்பதற்கு. இன்னொன்று பொட்டாசியம். அதைப் பெரிய குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்கில் ஏற்றினால் மருந்து. அப்படியே ஊசியில் எடுத்து நேராக நரம்பில் ஏற்றினால் நெஞ்சு நின்றுவிடும். டாக்டரைக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

முன்னால் பொட்டாசியம் கண்ணாடிக் குப்பியில் வந்தது, குழப்பம் இல்லை. போன வருஷம் கம்பெனி மாற்றினார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் தண்ணீரும் பொட்டாசியமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது. எழுத்து மட்டும்தான் வேறு, அதுவும் எறும்பு ஊர்கிற அளவுக்கு. நான் என்ன செய்தேன், ஸ்டேஷனரி கடையில் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் வாங்கி, பொட்டாசியம் ஆம்பூல் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒட்டினேன். யாரும் சொல்லவில்லை அண்ணாச்சி. நானாகச் செய்தேன்.

எட்டு மாதம். எட்டு மாதத்தில் ஒரு பிசகு கிடையாது. வார்டில் இருந்து போன் போட்டால் நர்ஸ் பிள்ளைகள், “பேச்சிண்ணே, பொட்டு வச்சதுல இருபது அனுப்புங்க”ன்னுதான் கேட்பார்கள். மருந்து பேரே மறந்துபோச்சு எல்லாருக்கும். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, “யாரு ஐடியா இது? நல்லாயிருக்கே” என்றாராம். பொட்டு இருந்தால் பயப்படு, இல்லாவிட்டால் அது தண்ணீர். அவசரத்தில் ஓடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த வார்டுக்கு இன்சார்ஜ் ஜெபக்கனி சிஸ்டர். இருபத்தாறு வருஷம் சர்வீஸ். அவருக்கு ஒரு பழக்கம். எந்த மருந்தை எடுத்தாலும் அதில் எழுதியிருப்பதை வாய்விட்டு வாசிப்பார். ஷெல்பில் எடுக்கும்போது ஒரு தடவை, ஊசியில் ஏற்றும்போது ஒரு தடவை, காலிக் குப்பியைக் குப்பையில் போடும்போது ஒரு தடவை. நாங்கள் சிரிப்போம். “சிஸ்டர் வேதம் வாசிக்க ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் எந்திரிங்க” என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே வாசிப்பார். ஆனால் என் பொட்டு வந்த பிறகு அவரும் வாசிப்பதைக் குறைத்துக்கொண்டார். “உன் பொட்டு வந்தபிறகு எனக்கு மூக்குக்கண்ணாடி வேலை மிச்சம் பேச்சி” என்று அவர் வாயாலேயே சொன்னார். எனக்கு அது எவ்வளவு பெருமை தெரியுமா? இருபத்தாறு வருஷப் பழக்கத்தை என் ஸ்டிக்கர் மாற்றிவிட்டது.

அவ்வளவு நம்பினார். அப்படி நம்பியவர் செய்கிற வேலையா அண்ணாச்சி இது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வார்டில் இருந்து அறுபது கேட்டார்கள். ஒட்ட உட்கார்ந்தேன், இருபதாவதோடு ஸ்டிக்கர் தீர்ந்துபோனது. கடை பூட்டிவிட்டான். எனக்கோ சாயங்காலம் எங்கள் ஊர் கோவில்பட்டியில் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். மீதி நாற்பதைத் திங்கட்கிழமை வந்து வார்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம் என்று, பெட்டியை மொத்தமாக மேலே அனுப்பிவிட்டேன். வார்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்லத்தான் போன் எடுத்தேன். என்கேஜ்டாக இருந்தது. ஒரு தடவைதான் போட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன். பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது. பெட்டியில் பொட்டாசியம் என்று அச்சடித்துத்தானே இருக்கிறது? கண் இருக்கிறவர்கள் வாசிக்க வேண்டாமா?

ஒன்று கவனிங்க. நான் தண்ணீரில் தப்பாகப் பொட்டு வைக்கவில்லை. வைத்த பொட்டு ஒன்றுகூடத் தப்பில்லை. வைக்காததற்கு நான் எப்படிப் பொறுப்பு?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழாம் நம்பர் கட்டிலில் முக்கூடலில் இருந்து வந்த, பீடி சுற்றுகிற ஓர் அக்கா, டைபாய்டு காய்ச்சல். தட்டில் பீடி இலை இல்லாமல் கை சும்மா இருக்க மாட்டேங்குது என்று போர்வை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருப்பார்களாம். அவர்களுக்குக் காலை ஊசி போட வேண்டியது முப்பிடாதி. புதுசாகச் சேர்ந்த பிள்ளை, கடையநல்லூர்ப் பக்கம், ஆறு மாதம்கூட ஆகவில்லை. டிரேயில் பொட்டு இல்லாத ஆம்பூல் ஒன்றை எடுத்து உடைத்து, பவுடரைக் கரைத்து, ஊசிக்குள் இழுத்துவிட்டாள். பொட்டு இல்லையென்றால் தண்ணீர். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். நானே சொல்லிக் கொடுத்தேன்.

அக்காவின் கையில் குத்தி வைத்திருக்கிற ஊசிக்குழாயின் மூடியைத் திறந்துவிட்டாள். “கொஞ்சம் எரியும் அக்கா”ன்னு சொல்லிவிட்டாள். அப்போது ஜெபக்கனி சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் பாட்டில் மாற்றிவிட்டு இந்தப் பக்கம் வருகிறார். காலி ஆம்பூல் தரையில் கிடக்கிறது. குனிந்து எடுத்து, பக்கெட்டில் போடப் போகிறார். பழக்கம் விடுமா? உதடு அசைந்திருக்கிறது.

கத்தவில்லையாம் அண்ணாச்சி. மெதுவாகத்தான் கூப்பிட்டாராம். “பிள்ளே, கையை எடு. ஊசியை என்கிட்ட தா. இப்ப இதை வாசி.” முப்பிடாதி வாசித்திருக்கிறாள். வாசித்துவிட்டு அந்தக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம். அந்த அக்கா இவள் முதுகைத் தடவிக் கொடுத்து, “காலையில சாப்பிடாம வந்தியாம்மா”ன்னு கேட்டார்களாம். அவர்களுக்கு என்ன தெரியும்.

ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் நான் சொல்கிறேன். ஒன்றுமே நடக்கவில்லை. அந்த அக்கா நாலாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அத்தோடு விட வேண்டியதுதானே?

திங்கட்கிழமை நான் ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறேன், சிஸ்டர் ஸ்டோர் வாசலில் நிற்கிறார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “இதை இன்சிடென்ட் பார்ம்ல எழுதணும் பேச்சி” என்றார். தப்பு நடந்தால், நடக்க இருந்தால், எழுதிக் கொடுக்கிற படிவம் அது. நான்கு வருஷத்தில் ஒருத்தர் எழுதி நான் பார்த்ததில்லை.

“சிஸ்டர், என் பேரு வேண்டாம்” என்றேன்.

“நீ ஒட்டுனதை நீ ஒட்டுனன்னுதான எழுத முடியும்?”

“நீங்க எனக்கு அக்கா மாதிரி சிஸ்டர்.”

“அக்காவா இருந்தா என்ன, பொட்டாசியம் பொட்டாசியம்தான” என்றார். அப்போதும் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்குச் சிக்குன்குனியா வந்தபோது ஒரு வாரம் ரசம் சாதம் கொண்டுவந்து ஹாஸ்டல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் கருவாடு எனக்கென்று தனியாக ஒரு மூடியில் இருக்கும். எட்டு மாதம் என் பொட்டைப் பார்த்து நிம்மதியாக வேலை பார்த்தவர். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பொட்டு இல்லை என்றதும் பேனாவை எடுத்துவிட்டார். கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவர் அண்ணாச்சி. வேறு யார் எழுதியிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலிக்காது.

முந்தாநாள் ஒரு கவரைக் கையில் கொடுத்தார். “நான் எழுதுனதோட ஜெராக்ஸ். படிச்சிரு. வியாழக்கிழமை மூணு மணிக்கு மீட்டிங். படிச்சிட்டு வா”ன்னார். அதாவது இன்றைக்கு. நான் படிக்கவில்லை. எதற்குப் படிக்க வேண்டும்? என்ன இருக்கும் என்று தெரியாதா? சங்கரநயினார் சார் ஏற்கெனவே பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார். “தம்பி, முழுக்க உன் பேருதான். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பேச்சிமுத்து பேச்சிமுத்துன்னு. உன்னைய மாட்டிவிட்டுட்டு அந்தம்மா ஒதுங்கிட்டாவ.”

அந்த நேரத்தில் எனக்கென்று இருந்தது சார் ஒருத்தர்தான். நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, கேண்டீன் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். “மீட்டிங்ல போயி நின்னா நீ அழுதுருவ, உனக்குப் பேசவும் வராது. போலீஸ் கேஸ்னு ஆயிட்டா உன் சர்ட்டிபிகேட்டுக்கே ஆபத்து. பேசாம ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போ. தென்காசியில எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு, நான் சேத்துவிடுதேன்”ன்னார். அவரே டைப் அடித்தும் கொடுத்தார். இதோ, இதுதான். ஒரே பக்கம். ‘என் கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு நானே முழுப் பொறுப்பேற்று’ என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார் பாருங்க. கையெழுத்துப் போட்டு மூன்று மணிக்குள் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட வேண்டும். அதற்குத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றரை மணியில் இருந்து மூன்று கோவில்பட்டி பஸ் போய்விட்டது.

அதோ பாருங்க, கேட் பக்கத்தில் வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. சார்தான். நான் பத்திரமாகக் கிளம்பினேனா என்று பார்க்க வந்திருக்கிறார். கையைக் காட்டுகிறார், போ போ என்று. இந்த வெயிலில் யார் அண்ணாச்சி இன்னொருத்தனுக்காக வந்து நிற்பார்கள்?

போன் அடிக்கிறது. சிஸ்டர்தான். மூன்றாவது தடவை. அடிக்கட்டும்.

என்ன, கவரா? இந்தக் கவர்தான். நீங்க படிக்கணுமா? படிங்களேன், எனக்கென்ன. ஊருக்கே தெரியப்போகிறது. கண்ணாடி இருக்கிறதா? மெதுவாகப் பிரிங்க. பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாரா? எனக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் பாருங்க.

என் பேர் எத்தனை தடவை வருகிறது?

ஒரு தடவையா? நல்லாப் பாருங்க.

சரி, சத்தமாகத்தான் வாசிங்க, கேட்கிறேன். ‘மருந்தாளுநர் பேச்சிமுத்து அறுபதில் இருபதுக்கு அடையாளம் ஒட்டினார், நாற்பதுக்கு ஒட்டவில்லை, வார்டுக்குத் தகவல் சொல்லவில்லை.’ சரி. அது உண்மைதான். ஒட்டவில்லை, சொல்லவில்லை. அதற்கு முன்னால் என்ன? மேலே, முதல் வரி.

‘இந்தத் தவறில் முதல் பொறுப்பு என்னுடையது.’

யார், சிஸ்டரா? கீழே வாசிங்க.

‘அடையாளம் இல்லாதது தண்ணீர் என்று எட்டு மாதமாக நானும் நம்பினேன். பெயரை வாசிக்கும் பழக்கத்தை நானே விட்டேன். புதிய நர்ஸ்களையும் வாசிக்கச் சொல்லவில்லை. அன்று கீழே கிடந்த குப்பியை எடுத்தது தற்செயல்.’

இதை எதற்கு எழுதினார்? யார் கேட்டார்கள் இவரை? அவர் எழுதியிருக்காவிட்டால் அது யாருக்கும் தெரியாதே. இருபத்தாறு வருஷ சர்வீஸ்.

பின்பக்கமும் இருக்கிறதா? வாசிங்க.

‘இரண்டு மருந்தும் ஒரே தோற்றத்தில் இருப்பதால் கம்பெனியை மாற்ற வேண்டும் என்றும், பொட்டாசியத்தை வார்டில் வைக்காமல் ஸ்டோரிலேயே தனியாகப் பூட்டி வைக்க வேண்டும் என்றும் ஜனவரி பன்னிரண்டாம் தேதி பர்ச்சேஸ் மேலாளருக்குக் கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை.’

ஜனவரி பன்னிரண்டு.

கொஞ்சம் இருங்க அண்ணாச்சி. அந்தக் கடிதம் எனக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்னால் சிஸ்டர் என்னிடம் ஒரு கவரைக் கொடுத்து, “கீழ போகும்போது சங்கரநயினார் சார்கிட்ட குடுத்துரு”ன்னார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தக் கையால்தான். லீவு லெட்டரோ என்னவோ என்று நினைத்தேன். சார் பிரித்துப் படித்தார், சிரித்தார், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சொருகி வைத்தார். “கெழவிக்கு வேற வேலையில்ல”ன்னார். நானும் கூடச் சிரித்தேன்.

சிரித்தேன் அண்ணாச்சி.

சார் இந்தப் பார்மைப் படித்துவிட்டுத்தானே என்னிடம் பேசினார். இந்தப் பக்கத்தையும்தானே படித்திருப்பார். படித்துவிட்டுத்தான் சர்பத் வாங்கினாரா? இல்லை, ஒருவேளை பின்பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார். என்னை மாதிரி. ஒருவேளை. அவர் எதையும் இரண்டு தடவை பார்க்கிற ஆள்தான், ஆனாலும்.

இன்னும் ஏதாவது இருக்கிறதா?

‘ஏழாம் எண் கட்டில் நோயாளியிடம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய் நானும் முப்பிடாதியும் சொல்ல வேண்டும். பேச்சிமுத்துவும் வந்தால் நல்லது. மீட்டிங்குக்கும் வர வேண்டும், நாற்பது என்ற கணக்கை நேரில் சொல்ல அவரால்தான் முடியும். அவர் இல்லாவிட்டால் மீட்டிங்கில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.’

என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை பாருங்க. ஐடியா நல்ல ஐடியா என்றாவது எழுதியிருக்கலாம். வாயால் சொல்லியிருக்கலாம், ‘பேச்சி, என் பேரும் இருக்கு, பயப்படாத’ன்னு. ஒரு நிமிஷம் ஆகுமா? படி, படி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். படி என்றுதான் சொன்னார்.

சார் இன்னும் கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார் பாருங்க. போ போ என்று. வாட்சைப் பார்க்கிறார். இத்தனை நேரம் அது எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

மணி என்ன? இரண்டே முக்கால். உங்கள் பஸ் அதோ திரும்புகிறது. ஓடாதீங்க, இங்கே ஐந்து நிமிஷம் நிற்பான், டிரைவர் டீ குடிப்பார். அந்த மாத்திரை அட்டையைக் கொடுங்க. கொடுங்க அண்ணாச்சி, தயவுசெய்து. இந்தப் பொட்டு வேண்டாம், எச்சில் தொட்டு அழித்துவிடுகிறேன். பொட்டு வைத்தது அழிந்துபோனால் அதுவும் ராத்திரி மாத்திரை ஆகிவிடும், இரண்டையும் ராத்திரியே விழுங்கிவிடுவீர்கள்.

எழுத ஒரு தாள் வேண்டும். இது இருக்கிறதே, ராஜினாமா. பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மேலே காலை மாத்திரை பேர், முழுசாக, தமிழில் பெரிசாக எழுதுகிறேன். கீழே ராத்திரி மாத்திரை பேர். பக்கத்தில் அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து அப்படியே. ஒவ்வொரு தடவையும் இதையும் அதையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டுத்தான் போட வேண்டும். இப்போது ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டுங்க. வாய்விட்டு. வெட்கப்படாதீங்க, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சரி. இன்னொரு அட்டை. ம், சரி.

அந்தப் பக்கம் டைப் அடித்திருக்கிறதே, திருப்பித் தர வேண்டாமா என்கிறீர்களா? கையெழுத்துப் போடவில்லை. உங்களிடமே இருக்கட்டும், மடித்துப் பையில் வையுங்க.

அதோ, வராண்டாவில் பாருங்க. நீலச் சேலை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவர்தான் ஜெபக்கனி சிஸ்டர். கூடவே அழுத முகமாக ஒரு பிள்ளை, அதுதான் முப்பிடாதி. இந்தப் பக்கம்தான் பார்க்கிறார்கள். என்னைத் தெரியாது, பஸ் மறைக்கிறது. உள்ளே போகிறார்கள்.

போன் அடிக்கவில்லை இப்போது. இனிமேல் அடிக்காது.

கேட்டுக்குள் போக வேண்டுமென்றால் சாரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது என்ன சொல்வது? எனக்குச் சட்டென்று பேச வராது. வாசித்துவிட்டேன் சார் என்று மட்டும் சொன்னால் போதும், இல்லையா? அவருக்குப் புரிந்துவிடும்.

கவரை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஏறுங்க அண்ணாச்சி, முன்சீட் காலியாக இருக்கிறது. எனக்காக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நான் ரோட்டைத் தாண்டிவிடுவேன். வாரேன்.